சின்னது போகிறது, பெரியது நிற்கிறது: இரண்டு இடங்களில் பரவிய ஒரு கிளஸ்டரில் ஐந்து நாள்

இது ஒரு குபர்நெட்டீஸ் கிளஸ்டரில் (பல கணினிகளை ஒன்றாக்கி அவற்றில் நிரல்களை ஓட்டும் ஏற்பாடு) நடந்த நிகழ்வின் பதிவு. சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் தேவையில்லை என்பதால் விட்டிருக்கிறேன். நான் அப்போது தளக் குழுவில் இருந்தேன். கிளஸ்டரை நிறுவியதும் அதன் நெட்வொர்க்கை அமைத்ததும் எங்கள் குழுதான்.

பின்னணி

பயனர்கள் அனுப்பும் ஆவணங்களை ஒரே வடிவத்துக்கு மாற்றி நீண்ட காலம் பாதுகாத்து வைக்கும் அமைப்பு அது. பழைய அமைப்பு தனித்தனி விர்ச்சுவல் மெஷின்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கன்டெய்னர்களுக்கு (தேவையான எல்லாவற்றோடும் கட்டப்பட்ட நிரல் பொதிகள்) மாற்றும் வேலை எங்களிடம் வந்தது.

மொத்தம் 12 நோடுகள், அதாவது கிளஸ்டரின் கணினிகள். ஒன்பது கிளவுடில், மூன்று சொந்த டேட்டா சென்டரில். பாதுகாக்கப்படும் ஆவணங்கள் சொந்த வன்பொருளில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்ததால் காப்பகச் சேவையை டேட்டா சென்டர் நோடுகளில் மட்டும் ஓட வைத்தோம். மற்ற சேவைகள் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். இரண்டு இடங்களையும் இணைப்பது இணையத்தின் வழியே போகும் ஒரு வயர்கார்டு விபிஎன், அதாவது பாக்கெட்டுகளை மறையாக்கிக் கொண்டுபோகும் ஒரு டனல். அதை நெட்வொர்க் குழு இரண்டு வருடமாக நல்லபடியாக நடத்தி வந்தது.

இரண்டு இடங்களுக்கும் இரண்டு கிளஸ்டர் வைத்துக்கொள்ளலாமே என்று திட்டமிடும்போதே ஒருவர் கேட்டார். ஒரே கிளஸ்டர் என்றால் பராமரிப்பு குறையும் என்று சொல்லி அதைத் தள்ளிவைத்தோம். இந்த முடிவுக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

பாட்களின் (கிளஸ்டரில் ஓடும் கன்டெய்னர் அலகுகள்) ஐபி முகவரிகளைக் கிளவுட் நெட்வொர்க்குக்கும் தெரியாது, டேட்டா சென்டர் நெட்வொர்க்குக்கும் தெரியாது. அதனால் இருக்கும் நெட்வொர்க்கின் மேல் இன்னொரு நெட்வொர்க்காக விஎக்ஸ்லேன் ஓவர்லே போட்டோம். ஒரு பாட் வேறு நோடில் இருக்கும் பாட்டுக்கு அனுப்பும் பாக்கெட்டை, அனுப்பும் நோடு ஒரு யுடிபி உறைக்குள் வைத்து அடுத்த நோடுக்கு அனுப்பும். அங்கே உறையைப் பிரித்து உள்ளே இருப்பதை உரிய பாட்டிடம் கொடுப்பார்கள். உறையின் எடை 50 பைட்: உள் ஈத்தர்நெட் ஹெட்டர் 14, விஎக்ஸ்லேன் ஹெட்டர் 8, யுடிபி 8, வெளி ஐபி ஹெட்டர் 20. நோடுகளின் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 பைட். பாட்களின் நெட்வொர்க்கை அமைக்கும் எங்கள் செருகுநிரல் அதைத் தானாகவே பார்த்து, 50 கழித்து, பாட்களுக்கு 1450 என்று வைத்தது. அந்த எண்ணை யாரும் கையால் எழுதவில்லை. யாரும் கேள்வி கேட்கவும் இல்லை.

சோதனைச் சூழலில் எல்லா நோடுகளும் கிளவுடிலேயே இருந்தன. அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. உண்மையான சூழலுக்கு மாறிய திங்கள்கிழமை ஓட்டிப் பார்த்த சோதனையும் தேறியது. அந்தச் சோதனை காப்பகச் சேவையில் ஒரு சின்ன உரைக் கோப்பை எழுதித் திரும்பப் படிக்கும். கோப்பின் அளவு 600 பைட். அந்த அளவை இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

முதலில் தெரிந்தவை

ஆவணங்களை மாற்றும் வேலையை எட்டு வொர்க்கர் பாட்கள் செய்தன. ஒரு வொர்க்கர் க்யூவிலிருந்து (வேலைகள் காத்திருக்கும் வரிசை) செய்தியை எடுக்கும். செய்தியில் ஆவணத்தின் முகவரி மட்டும் இருக்கும். ஆவணத்தை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜிலிருந்து நேராக இறக்கி, மாற்றி, காப்பகச் சேவைக்கு அனுப்பும். தோற்றால் செய்தி மறுபடி க்யூவுக்குப் போகும், வேறொரு வொர்க்கர் எடுத்து முயலும்.

இந்த மறுமுயற்சிதான் சிக்கலை இரண்டு நாள் மறைத்தது. பெரும்பாலான ஆவணங்கள் நான்கைந்து முயற்சிக்குள் எப்படியோ காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பிழைகளின் எண்ணிக்கைக்கு அலாரம் இருந்தது. ஆனால் முயற்சிகள் எல்லாம் தீர்ந்து கைவிடப்பட்ட செய்திகளை மட்டுமே அது எண்ணியது. திங்களும் செவ்வாயும் திரையில் எல்லாம் பச்சை. புதன் மாலை க்யூவில் பல மணி நேர வேலை தேங்கிவிட்டது, பயனர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

வொர்க்கர்களின் பதிவில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: காப்பகச் சேவைக்கு எழுதும்போது டைம்அவுட். இணைப்பு கிடைக்கிறது. மறையாக்கத்தை ஏற்பாடு செய்யும் டிஎல்எஸ் பேச்சு முடிகிறது. ஆவணத்தின் உடலை அனுப்பத் தொடங்கியதும் 30 வினாடி மௌனம், அப்புறம் டைம்அவுட். காப்பகத்திலிருந்து படிப்பதில் ஒரு குறையும் இல்லை. பெரிய ஆவணங்கள்கூட நன்றாக இறங்கின.

தவறான வழியில் போன ஒரு நாள்

எழுதுவது நிற்கிறது, படிப்பது நடக்கிறது. இதைக் கேட்டால் எவருக்கும் முதலில் டிஸ்க்தான் தோன்றும். எங்களுக்கும் அதுதான் தோன்றியது. வியாழன் காலை முழுக்கக் காப்பகச் சேவையின் டிஸ்க்குகளையும் கோப்பு முறைமையையும் பார்த்தோம். எதுவும் சிரமப்படவில்லை. காப்பகச் சேவையின் பதிவில் வந்து சேராத கோரிக்கைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வராததைப் பற்றி அது என்ன எழுதும் என்று அப்போது எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

மதியம் இரண்டு முடிவுகள் எடுத்தோம். இரண்டும் தவறு. ஆனால் ஏன் எடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

முதல் முடிவு, டைம்அவுட்டை 30 வினாடியிலிருந்து 120 ஆக்கியது. சேவை மெதுவாக இருக்கிறது என்று நம்பினோம், பொறுத்திருந்தால் முடித்துவிடும் என்று நினைத்தோம். நடந்தது நேர் எதிர். சிக்கிய ஒவ்வொரு வொர்க்கரும் இப்போது அரை நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் சும்மா நின்றது. க்யூ இன்னும் வேகமாக வளர்ந்தது.

இரண்டாவது, வொர்க்கர்களை மறுபடி தொடங்கியது. அதற்குப் பின் க்யூ குறைய ஆரம்பித்தது! இதுதான் எங்களை அதிகம் குழப்பியது. வொர்க்கருக்குள் ஏதோ கசிகிறது, மறுதொடக்கம் அதைச் சரிசெய்கிறது என்று ஒரு கதை உருவாகிவிட்டது. அந்தக் கதையை நம்பி மேலும் மூன்று மணி நேரம் வொர்க்கரின் நினைவகப் பயன்பாட்டையும் இணைப்புக் குளத்தையும் தோண்டிக்கொண்டிருந்தோம்.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. முதலில் எட்டு வொர்க்கர்களில் இரண்டு டேட்டா சென்டரில் இருந்தன. மறுபடி தொடங்கியபோது, எந்தப் பாட் எந்த நோடில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் நான்கை அங்கே வைத்தது. டேட்டா சென்டரில் இருக்கும் வொர்க்கருக்குக் காப்பகச் சேவை பக்கத்து நோடில், விபிஎன் வழியே போக வேண்டியதே இல்லை. வேலை செய்யும் வொர்க்கர்கள் இரண்டிலிருந்து நான்கானதால் க்யூ குறைந்தது. மறுதொடக்கம் எதையும் சரிசெய்யவில்லை, இடத்தை மட்டும் மாற்றியது. குபர்நெட்டீஸில் மறுதொடக்கத்துக்குப் பின் ஒரு சிக்கல் குறைந்தால், பாட் எந்த நோடிலிருந்து எந்த நோடுக்குப் போனது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இதை இப்போது எங்கள் குழுவில் எல்லோரும் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறோம்.

பாட் தயாரா, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ரெடினஸ், லைவ்னஸ் சோதனைகளும் எங்களுக்கு உதவவில்லை. அவற்றைச் செய்வது அதே நோடில் பாட்களை நடத்தும் கியூப்லெட் என்ற நிரல். கேள்வியும் பதிலும் சில நூறு பைட்தான். நோடுகளுக்கு இடையே உள்ள பாதை உடைந்திருந்தால் அவை அதைத் தொடுவதே இல்லை.

திருப்பம்: ஒரு அட்டவணை

வியாழன் இரவு எங்கள் குழுவில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒருவர், யாரும் சொல்லாமலேயே, அன்று தோற்ற முயற்சிகளை எல்லாம் நோடு வாரியாகப் பிரித்து ஒரு அட்டவணை போட்டார். டேட்டா சென்டர் நோடுகளில் தோல்வி பூஜ்யம். கிளவுட் நோடுகளில் ஏறக்குறைய எல்லாமே தோல்வி. தப்பியவை மிகச் சிறிய ஆவணங்கள் மட்டும். அதுவரை நாங்கள் பார்த்த வரைபடங்கள் எல்லாம் சேவை வாரியாகத்தான் இருந்தன. நோடு வாரியாகப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்த நிகழ்வில் மிகப் பயனுள்ள அரை மணி நேரம் அவர் செலவிட்டதுதான்.

வெள்ளி காலை நெட்வொர்க் குழுவின் பொறியாளரை அழைத்தோம். அவர் உடனே இரண்டு பக்க நோடுகளுக்கு இடையே வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் கருவியை ஓட்டிப் பார்த்தார். "டனல் நல்லாத்தான் இருக்கு, முழு வேகத்தில் போகுது, ஒரு பாக்கெட்கூட இழக்கல. நீங்களே பாருங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. நோடிலிருந்து நோடுக்கு எவ்வளவு பெரிய கோப்பும் தடையில்லாமல் போனது. டேட்டா சென்டர் பாட்களின் பதிவுகளைக் கிளவுடிலிருந்து படிப்பது, கன்டெய்னர் இமேஜ்களை இறக்குவது எல்லாம் சரியாக நடந்ததும் அதனால்தான். அவை ஓவர்லேயைத் தொடுவதில்லை.

அப்படியென்றால் நோடுக்கு நோடு சரி, பாட்டுக்கு பாட் சரியில்லை. அதுவும் பெரிய பாக்கெட்டுக்கு மட்டும், அதுவும் கிளவுடிலிருந்து டேட்டா சென்டர் போகும் திசையில் மட்டும். இந்த நான்கையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதியபோதுதான் எம்டியு என்ற சொல் முதன்முறையாக அறையில் எழுந்தது.

அளந்து பார்த்தது

கிளவுட் நோடில் ஒரு பாட், டேட்டா சென்டர் நோடில் ஒரு பாட். முதல் பாட்டிலிருந்து இரண்டாவதுக்கு, துண்டாக்கக் கூடாது என்ற டிஎஃப் கொடியுடன் பிங் அனுப்பினோம், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். 1342 பைட் சுமை வரை ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. 1343 ஆனதும் மௌனம். பிழைச் செய்தி எதுவும் திரும்பவில்லை, வெறும் மௌனம்.

கணக்குப் போட்டால் எல்லாம் பொருந்தியது. 1342 பைட் சுமையுடன் பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியின் ஹெட்டர் 8, ஐபி ஹெட்டர் 20 சேர்த்தால் 1370. அதற்கு மேல் விஎக்ஸ்லேன் உறை 50. மொத்தம் 1420. வயர்கார்டு இன்டர்ஃபேஸின் வழக்கமான எம்டியு அதே 1420தான். வயர்கார்டு தன் பங்குக்கு ஐபிவி4 மேல் 60 பைட்டும் ஐபிவி6 மேல் 80 பைட்டும் சேர்க்கும், பெரியதைக் கணக்கில் கொண்டு 1500இலிருந்து 80 கழித்து 1420 என்று வைப்பார்கள்.

எங்கள் பாட்களோ 1450 வரை அனுப்பலாம் என்று நம்பிக்கொண்டிருந்தன. உறையுடன் அது 1500. நோடின் நெட்வொர்க் கார்டுக்கு அது சரியான அளவு, அங்கிருந்து தடையின்றிப் புறப்படும். நடுவில், டனலின் வாசலாக இருக்கும் விபிஎன் கேட்வேயில்தான் அது பெரிதாகிவிடுகிறது. செருகுநிரல் தன் நோடின் கார்டை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டது. பாதையில் எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு குறுகலை அது பார்க்க வழியே இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். பாதையில் குறுகல் இருந்தால் அனுப்புபவருக்குச் சொல்லும் ஏற்பாடு 1990 முதலே இருக்கிறதே, ஆர்எஃப்சி 1191 என்ற இணையத் தர ஆவணத்தில் வந்த பாதை எம்டியு கண்டறிதல் ஏன் வேலை செய்யவில்லை? நாங்களும் அதைத்தான் கேட்டோம், கேட்வேயில் அந்தச் செய்தியைக் கொண்டுவரும் ஐசிஎம்பியைத் தடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகித்தோம். தடுக்கவில்லை. காரணம் வேறு. பாட் அனுப்பும் டிசிபி பாக்கெட்டில் டிஎஃப் கொடி இருக்கிறது. ஆனால் லினக்ஸ் போடும் விஎக்ஸ்லேன் உறையில், நாமாகக் கேட்டால் தவிர, அந்தக் கொடி இருப்பதில்லை. கேட்வேக்கு வெளி உறை மட்டும்தான் தெரியும். கொடி இல்லாத பெரிய பாக்கெட் வந்தால் அது என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தது: இரண்டாக வெட்டி அனுப்பியது. வெட்ட முடிந்ததால் யாருக்கும் பிழைச் செய்தி போகவில்லை. பாட்டுக்கு எதுவும் தெரியவில்லை.

சரி, வெட்டிய துண்டுகள் எங்கே போயின? கேட்வேக்கு அப்பால், டேட்டா சென்டரின் உள்ளே பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தோம். காப்பக நோடில் 1420 பைட்டில் முதல் துண்டு வந்துகொண்டே இருந்தது, "இன்னும் துண்டு உண்டு" என்ற கொடியுடன். 100 பைட்டில் வர வேண்டிய இரண்டாவது துண்டு ஒருமுறைகூட வரவில்லை. கேட்வேக்கும் நோடுக்கும் நடுவில் இருந்த சுவிட்சில் ஒரு அணுகல் பட்டியல்: விஎக்ஸ்லேனுக்கான யுடிபி போர்ட் 4789ஐ விடு, இன்னின்ன டிசிபி போர்ட்களை விடு, மற்றதை எறி. யுடிபி ஹெட்டர் முதல் துண்டில் மட்டும்தான் இருக்கும். இரண்டாவது துண்டில் போர்ட் எண்ணே கிடையாது. ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாகப் பார்த்து முடிவெடுக்கும் அந்தப் பட்டியலுக்கு அது யாருடையது என்று தெரியாது, எறிந்துவிட்டது.

காப்பக நோடின் கர்னல் முதல் துண்டை வைத்துக்கொண்டு 30 வினாடி இரண்டாவதுக்காகக் காத்திருந்து, அப்புறம் அதையும் விட்டுவிட்டது. ஒட்டுவதில் தோற்றதை எண்ணும் எண்ணி திங்கள் முதல் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரே ஒரு கட்டளையில் தெரிந்திருக்கும். நாங்கள் பார்க்கவில்லை.

எதிர்த் திசை ஏன் சரியாக இருந்தது என்பதும் இதோடு விளங்கியது. அங்கேயும் பாக்கெட்டுகள் வெட்டப்பட்டன. ஆனால் கிளவுட் பக்கத்து ஃபயர்வால் துண்டுகளை ஒன்று சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் வகை, அதனால் கடந்து போயின. படிப்பது நன்றாக நடக்கிறது என்று நாங்கள் நினைத்த நாட்களிலும் ஒவ்வொரு பெரிய பாக்கெட்டும் இரண்டாக வெட்டப்பட்டு ஒட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

மிச்சம் ஒரு புதிர்: நோடுக்கு நோடு ஐபெர்ஃப் எப்படித் தடையின்றி ஓடியது? அதற்கு விடை நெட்வொர்க் பொறியாளரிடமே இருந்தது. விபிஎன் நிறுவிய நாளிலேயே கேட்வேயில் அவர் ஒரு விதி எழுதியிருந்தார். கடந்து போகும் ஒவ்வொரு டிசிபி இணைப்பின் தொடக்கப் பாக்கெட்டிலும் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் பெறத் தயாராக இருக்கும் உச்சத் தரவு அளவு) மதிப்பை டனலுக்கு ஏற்றபடி குறைத்துவிடும் விதி. அதனால் இரண்டு முனைகளும் ஆரம்பத்திலேயே சின்னப் பாக்கெட்டுக்கு ஒத்துக்கொள்ளும். இரண்டு வருடமாக அந்த ஒரு வரி எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பாட்களின் டிசிபி மட்டும் அதன் கைக்கு எட்டவில்லை. அது யுடிபி உறைக்குள் மறைந்து போனது. கேட்வேயின் கண்ணுக்கு அங்கே டிசிபியே இல்லை.

எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். ஓவர்லே போட்டால் அடியில் இருக்கும் நெட்வொர்க்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நெட்வொர்க் நமக்காகச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த உதவிகளும் அதோடு சேர்ந்து நின்றுவிடுகின்றன.

இதையெல்லாம் செய்து முடிக்க வெள்ளி மதியம் ஆகிவிட்டது. அரை மணி நேரம் ஒரு குழப்பத்தில் வீணானது, அடுத்தவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை வொர்க்கர் பாட்டுக்குள்ளேயே ஓட்டியபோது பல ஆயிரம் பைட் அளவில் பாக்கெட்டுகள் தெரிந்தன. எம்டியு 1450 என்றால் இது எப்படி என்று திகைத்தோம். பெரிய துண்டாகவே கொடுத்து, வெட்டும் வேலையைக் கடைசியில் நெட்வொர்க் கார்டிடம் விட்டுவிடுவது லினக்ஸின் வழக்கம். பாட்டுக்குள் பிடிப்பது வெட்டுவதற்கு முன் இருக்கும் உருவம். கம்பியில் போகும் உண்மையான அளவு வேண்டுமென்றால் பெறும் பக்கத்திலோ நடுவில் இருக்கும் கேட்வேயிலோ, வரும் பாக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டுப் பிடிக்க வேண்டும்.

எடுத்த முடிவுகள்

முதலில் தேக்கத்தை நிறுத்த வேண்டும். வொர்க்கர்களை டேட்டா சென்டர் நோடுகளில் மட்டும் ஓடும்படி கட்டினோம். அங்கே ஐந்து வொர்க்கர்களுக்குத்தான் இடம் இருந்தது. ஐந்து போதும், சனிக்கிழமை காலைக்குள் க்யூ காலியானது. டைம்அவுட்டையும் 30க்குத் திருப்பினோம்.

நிலையான தீர்வுக்கு நான்கு வழிகள் மேசையில் இருந்தன.

சுவிட்சில் துண்டுகளை விடும்படி ஒரு வரி சேர்ப்பது மிக எளிது. பத்து நிமிட வேலை. நான் வேண்டாம் என்றேன், நெட்வொர்க் பொறியாளரும் அதையே சொன்னார். துண்டுகளை நம்பி ஒரு அமைப்பை நடத்துவது நல்லதல்ல. ஒரு துண்டு தொலைந்தால் முழுப் பாக்கெட்டும் வீண். வழியில் இருக்கும் எந்தக் கருவி எப்போது துண்டுகளை எறியும் என்று சொல்ல முடியாது. ஐபி துண்டாக்கம் எவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்பதைப் பற்றியே 2020இல் ஆர்எஃப்சி 8900 என்று ஒரு தனி ஆவணம் வந்திருக்கிறது.

கர்னலின் டிசிபி எம்டியு ஆய்வை இயக்குவது இன்னொன்று. பெரிய பாக்கெட் தொடர்ந்து தொலைந்தால் டிசிபி தானே அளவைக் குறைத்துப் பார்க்கும். ஆனால் ஒவ்வொரு புது இணைப்பும் முதலில் சில நொடிகள் தடுமாறும், டிசிபி அல்லாதவற்றுக்குப் பயனும் இல்லை. நோயை மறைக்கும் மருந்து என்று விட்டோம்.

டேட்டா சென்டருக்குப் போகும் பாதைக்கு மட்டும் ரூட்டில் (நோடில் இருக்கும் பாதைக் குறிப்பில்) சின்ன எம்டியு வைப்பது துல்லியமான வழி. கிளவுடுக்குள் ஓடும் போக்குவரத்து பழையபடி 1450லேயே இருக்கும். எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் ரூட்களைச் செருகுநிரல்தான் எழுதுகிறது, நோடு சேரும்போதெல்லாம் புதுப்பிக்கிறது. அதன் கையிலிருந்து பிடுங்கி நாம் ஒன்று எழுதினால், ஒரு வருடம் கழித்து வருபவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று புரியாது.

கடைசியில் தேர்ந்தெடுத்தது எல்லாப் பாட்களுக்கும் எம்டியுவைக் குறைப்பது. கணக்குப்படி 1370 போதும். கொஞ்சம் இடம் விட்டு 1350 என்று வைத்தோம். இதற்கு விலை உண்டு. பெரிய கோப்பு ஒன்றை அனுப்ப முன்பைவிடச் சுமார் 8 சதவீதம் அதிகப் பாக்கெட்டுகள் தேவைப்படும், கிளவுடுக்குள்ளேயே இருக்கும் பாட்களுக்கும் சேர்த்து. எங்கள் வேலைக்கு அது பெரிய சுமை இல்லை. வேறு இடத்தில் இருக்கலாம், அப்போது ரூட் வழியை யோசிக்க வேண்டும்.

மாற்றத்தைச் செய்தது

செருகுநிரலின் அமைப்பில் எண்ணை மாற்றுவது ஒரு வரி. அதைச் செய்துவிட்டு அடுத்த நாள் "முடிந்தது" என்று ஒருவர் குறித்தும் விட்டார். நல்லவேளை, மூடுவதற்கு முன் பாட்களுக்குள் போய்ப் பார்த்தோம். எல்லாம் இன்னும் 1450லேயே இருந்தன. பாட்டின் இன்டர்ஃபேஸ் அது பிறக்கும்போது உருவாகிறது, அன்றைய எண்ணோடு வாழ்கிறது. புது எண் வேண்டுமென்றால் பாட் புதிதாகப் பிறக்க வேண்டும். நோடில் இருக்கும் விஎக்ஸ்லேன் இன்டர்ஃபேஸும் மாறியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

எனவே ஒவ்வொரு நோடாகக் காலி செய்து, மறுபடி சேர்த்தோம். பாதி நோடுகள் பழைய எண்ணிலும் பாதி புதிய எண்ணிலும் இருந்த நாட்களில் டிசிபிக்குத் தொந்தரவு இல்லை. இணைப்பின் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் தங்கள் எம்எஸ்எஸ்ஸைச் சொல்லும், சின்னதற்கு மேல் யாரும் அனுப்ப மாட்டார்கள். தடை வேறொரு இடத்தில் வந்தது. ஒரே ஒரு பிரதி மட்டும் ஓடும் ஒரு சேவைக்கு, குறைந்தது ஒன்றாவது எப்போதும் இருக்க வேண்டும் என்று இடையூறு வரம்பு எழுதியிருந்தார்கள். அந்த நோடு காலியாகவே மறுத்தது. சேவையின் உரிமையாளரைக் கண்டுபிடித்து, இரண்டாவது பிரதி ஓட வைத்துவிட்டுத்தான் நகர முடிந்தது.

எல்லாம் முடிந்த அன்று இரவு இமேஜ் கட்டும் வேலைகள் தொங்கின. அந்த வேலைகள் பாட்டுக்குள் கன்டெய்னர்களைக் கட்டி ஓட்டும் டாக்கர் டீமன் ஒன்றை ஓட்டுகின்றன. அந்த உள் டாக்கருக்கு எம்டியு 1450 என்று யாரோ எப்போதோ கையால் எழுதியிருந்தார்கள், அன்றைய பாட் எண்ணோடு பொருந்தும்படி. இப்போது பாட் 1350, உள்ளே இருப்பது 1450. வெளியிலிருந்து வரும் பெரிய பாக்கெட்டுகள் பாட்டின் வாசலில் நின்றன. எண்ணை மாற்றியதும் சரியானது. அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றிலும் 1450 என்று தேடியிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கும்.

என்ன மாறியது

மறு வாரம் வொர்க்கர்களை மறுபடி எல்லா நோடுகளுக்கும் திறந்துவிட்டோம். நோடு வாரியான தோல்வி அட்டவணை இப்போது திரையில் நிரந்தரமாக இருக்கிறது. ஒட்டத் தோற்ற துண்டுகளின் எண்ணிக்கைக்கு அலாரம் வைத்தோம், மாற்றத்துக்குப் பின் அது நகரவே இல்லை. மறுமுயற்சிகளையும் தனியாக எண்ணுகிறோம், கைவிடப்பட்டவை வரும்வரை காத்திருப்பதில்லை.

600 பைட் சோதனைக் கோப்பை நீக்கினோம். அதற்குப் பதில் ஒவ்வொரு நோடிலும் ஒரு சின்னப் பாட் ஓடுகிறது. மற்ற ஒவ்வொரு நோடிலும் இருக்கும் தன் இணைக்கு, பாட் எம்டியு முழு அளவில், டிஎஃப் கொடியுடன் பிங் அனுப்பும், பிறகு சில மெகாபைட் டிசிபியில் அனுப்பும். இரண்டு திசையிலும். 12 நோடுகளுக்கு 132 பாதைகள், ஒரு சுற்று இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

விபிஎன்னின் எம்டியுவும் கேட்வேயில் இருக்கும் எம்எஸ்எஸ் விதியும் இப்போது கிளஸ்டரின் வடிவமைப்பு ஆவணத்தில், பாட் எம்டியுவுக்குப் பக்கத்தில், கணக்கோடு எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு குழுவும் அந்தப் பக்கத்தைத் திருத்த முடியும்.

ஒரே கிளஸ்டரை இரண்டு இடங்களில் பரப்பியது சரியா என்ற கேள்வியை மறுபடி எடுத்தோம். திரும்பச் செய்வதாக இருந்தால் காப்பகச் சேவையைத் தனிக் கிளஸ்டராக வைத்து, நடுவில் சாதாரண டிசிபி இணைப்பு மட்டும் போகும்படி அமைத்திருப்பேன். கேட்வேயின் விதி அதைக் காத்திருக்கும், இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது. இப்போது ஓடிக்கொண்டிருப்பதைப் பிரிப்பதற்கு ஆகும் உழைப்பை எண்ணிப் பார்த்து, குழு அதை அடுத்த வன்பொருள் மாற்றத்தோடு சேர்த்துச் செய்வதாக முடிவெடுத்தது. நான் அதற்கு ஒத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து நெட்வொர்க் குழு விபிஎன்னை வயர்கார்டிலிருந்து ஐபிசெக் என்ற வேறு முறையில் இயங்கும் கருவிக்கு மாற்றும் ஒத்திகை நடத்தியது. புதிய டனலின் எம்டியு 1390. எங்கள் 1350உடன் உறை சேர்த்தால் 1400. விட்டு வைத்த இடம் போதவில்லை, 10 பைட் குறைந்தது. ஒத்திகை தொடங்கிய சில நிமிடங்களில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள 54 பாதைகளும் சிவப்பாயின: பிங்கின் பதிலும் கேள்வியின் அளவே என்பதால் எந்தத் திசையில் கேட்டாலும் டேட்டா சென்டரை நோக்கிப் போவது நின்றது. நெட்வொர்க் பொறியாளர் பழைய டனலுக்கே திருப்பினார், நாங்கள் எம்டியுவை 1320 ஆக்கி நோடுகளை மறுபடி ஒவ்வொன்றாகக் காலி செய்தோம், இந்த முறை உள் டாக்கரின் எண்ணையும் சேர்த்து. அதற்கடுத்த வாரம் மாற்றம் நடந்தது. பயனர்கள் யாரும் கேட்கவில்லை.